அன்புமணியின் தூக்கம்

"தூக்கமே வர்றதில்லைங்க," என்றான் அன்புமணி.

அரசு மனநலப் பிரிவில் மதிவதனிக்குப் பல வருடப் பழக்கம். இப்படிச் சொன்ன எத்தனையோ பேரை அங்கே பார்த்திருக்கிறாள். "ஏனுங்க தம்பி, கண்ணை மூடுனா என்ன ஆகுது?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"கூட்டமா வந்து கையை நீட்டறாங்க. 'இல்லைங்க, இல்லைங்க'ன்னு கத்திப்போட்டு எந்திரிச்சுக்கறேன்."

"அதெல்லாம் நெசமில்லீங்க தம்பி."

"நெசந்தானுங்க."

அவள் வாதாடவில்லை. "சாயங்காலத்துக்கு மேல காப்பி வேண்டாம். செல்லைத் தள்ளி வெச்சுப்போடுங்க. எல்லாம் உங்க தப்புன்னு நெனைக்காதீங்க."

அன்புமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய மருந்துச் சீட்டைக் கவுன்ட்டர் ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினான். "உங்க மாத்திரை இந்த வாரமும் வரலைங்க அக்கா."

"செரி, அழுகாதீங்க. அடுத்த வாரம் வாரேன்."

அவள் நகர்ந்ததும், வரிசையில் அடுத்து நின்ற உடுமலைப்பேட்டைக்காரர் சின்னான் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "சாப்டீங்களா கண்ணு?" என்று ஆரம்பித்தார்.

பின்னால் நின்றவர் எரிச்சலானார். "மருந்துதான் இல்லைங்கறாரே, இன்னும் என்னங்க பேச்சு?"

சின்னான் திரும்பிப் பார்த்தார். "டாக்டரு மாத்தலாகிப் போயிட்டாரு. நர்சம்மாவும் போயாச்சு. இந்தத் தம்பியும் போயிட்டா, மருந்து இல்லைன்னு சொல்றதுக்குக்கூட ஆளிருக்காதுங்க."