ஆயுத பூஜைச் சந்தனம்

"சாமிக்கு நெத்தியில பொட்டு வெக்கிற, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏம்மா மூக்குல வெக்கிற?" என்று ஆறு வயதில் ஓர் ஆயுத பூஜையன்று பிரபா கேட்டாளாம். அவளுக்கு இப்போது பதினேழு. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. மதுராந்தகத்து வீட்டுக் கூடத்தில் அதே கம்ப்யூட்டர் ஒரு பக்கத்தைத் திறக்கக் கால்மணி எடுக்கிறது. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ரெபேக்காள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். "இன்னாக்கா, பதினோரு வருசச் சந்தனமும் இந்த ஓட்டையிலதான் கீது! காத்து எப்டிப் போவும்? சூடேறி அசந்துபோய்க் கீது." "கிண்டல் அப்புறம் பண்ணுடி, மணி நாலாவுது," என்கிறாள் பிரபாவின் அம்மா துர்காதேவி. பழைய பல் பிரஷ்ஷால் ரெபேக்காள் தேய்க்கத் தேய்க்க, ஜன்னல் வெயிலில் சந்தனத்தூள் பொன்னாய் மிதக்கிறது. பெட்டிக்குள் விசிறி விர்ரென்று சுழல்கிறது. பக்கம் சட்டென்று திறக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பிரபா குதிக்கிறாள். தாயும் மகளும் பாயசம் வைக்க அடுப்படிக்கு ஓடுகிறார்கள்.

கூடத்தில் ரெபேக்காள் மட்டும் நிற்கிறாள். போன டிசம்பர் மழையில் அவள் வாசலில் அறுந்து விழுந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை, விடிவதற்குள் யாரோ மறுபடி கட்டியிருந்தார்கள். கட்டிய கயிறு துர்காதேவி வீட்டுத் துணிக்கொடிக் கயிறு என்று அவளுக்குத் தெரியும். துர்காதேவி அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. ரெபேக்காள் பூஜை மாடத்துக் கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் ஓட்டையே இல்லாத மேல்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவே குங்குமமும் இடுகிறாள்.