பாலத்திலும் செத்தவர்

அந்தச் சத்தம் கேட்டபோது குராமோச்சி வாயைத் திறந்திருந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

வருஷம் பூராவும் அவர் காத்திருப்பது இந்த ஒரு நொடிக்காகத்தான். இருட்டுப் பாலம். கொள்ளைக் கூட்டம். முதலில் வாள் மட்டும் மின்னும், ஒருவன் அலறிக்கொண்டு ஆற்றில் விழுவான். அப்புறம் மேகம் விலகி, நிலா வெளிச்சத்தில் படத்தின் கதாநாயகன் ஜூசாபுரோவின் முகம் திரையில் தெரியும்.

"ஜூசாபுரோ! இதுக்குத்தான்யா காத்திருந்தோம்!" என்று அப்போது குராமோச்சி குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஒசாகாவின் இந்தப் பழைய கொட்டகையில் எழுதாத சட்டம் அது.

இன்றைக்கு, ஒருவன் ஆற்றில் விழுந்த உடனே, பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கூரை அதிரக் கத்தியது.

"யோகிச்சி!"

நிலா வந்தது. முகம் வந்தது. போயும்விட்டது. குராமோச்சியின் குரல் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அதுவும் இன்றைக்கு. ஜூசாபுரோ இறந்த நாள். அதற்காகவே குராமோச்சி தன் வெந்நீர்க் குளியல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஊர் ஒருநாள் குளிக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. தலையில் மிச்சமிருந்த கொஞ்சம் முடியையும் ஜூசாபுரோ மாதிரியே இடது நெற்றியில் சுருட்டி விட்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தார். சிறுத்தைப் புலி முகம் போட்ட சட்டையில் ஒரு வயதான அம்மாள், மடியில் சோற்று உருண்டைப் பொட்டலம். பக்கத்தில் அவள் கணவர் போலிருக்கிறது, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

பாவம் மனுஷன், வீட்டிலும் இதே தொண்டைதானே என்று குராமோச்சி இரக்கப்பட்டார்.

ஆனால் யார் அந்த யோகிச்சி? இந்தப் படத்தில் வரும் குதிரைக்கு என்ன பெயர் என்பதுகூட அவருக்குத் தெரியும். யோகிச்சி என்று ஒரு ஜீவனும் கிடையாது.

அரைமணி நேரம் போனது. சத்திரத்துச் சண்டை. ஜூசாபுரோ மாடிப்படியில் நின்றபடி ஒரே வீச்சு வீச, தாடிக்காரன் ஒருவன் படிக்குப் படி இடித்துக்கொண்டு உருண்டு வந்து கீழே மல்லாந்தான்.

"யோகிச்சி!" இந்தத் தடவை கைதட்டலும் சேர்ந்து வந்தது.

குராமோச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தப் படத்துல யோகிச்சின்னு யாருமே கிடையாது. தெரியுமா உங்களுக்கு?"

"இருக்காரே. இப்பத்தான செத்தாரு."

"பாலத்துலயும் அதே பேரைத்தான கத்துனீங்க!"

"ஆமா. அங்கயும் செத்தாரு."

கொட்டகை சிரித்தது. குராமோச்சிக்குக் காது சிவந்தது.

"இன்னிக்கு ஜூசாபுரோவோட நினைவுநாள். உங்களுக்கு விளையாட்டா இருக்கலாம். நாங்கள்லாம் அவரைக் கும்பிட வந்திருக்கோம்."

அந்த அம்மாளின் முகம் சட்டென்று சுருங்கியது. சட்டையில் இருந்த புலிகூடக் கொஞ்சம் வாடியதுபோல் தெரிந்தது. எழுந்து நன்றாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு பையில் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினாள். இன்னொன்றைப் பிரித்துத் தன் வாயிலேயே போட்டு அடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. குராமோச்சி நிம்மதியாக மிட்டாயைச் சப்பினார். எலுமிச்சை மிட்டாய்.

கடைசிச் சண்டை வந்தது. கொட்டுகிற மழை, கோயில் முற்றம், ஒற்றை ஆளாக ஜூசாபுரோ. எல்லாரையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, வாளை மெல்ல உறையில் போடும்போது இன்னொரு முறை குரல் கொடுக்க வேண்டும். பாலத்தில் விட்டதை இங்கே பிடித்துவிடலாம். குராமோச்சி மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமித் தயாரானார்.

ஒற்றைக்கண்ணில் துணி கட்டிய ஒருவன் எல்லாருக்கும் முந்திக்கொண்டு பாய்ந்தான். வாள் பாய்ந்தது. அவன் மழையைப் பிடித்துத் தொங்கப் பார்ப்பவன்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சேற்றில் முகம் புதைய விழுந்தான்.

பின்னாலிருந்து விக்கல் மாதிரி ஏதோ கேட்டது.

குராமோச்சி பொறுக்கமாட்டாமல் திரும்பினார். அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மிட்டாய் புடைத்திருந்தது. திரை வெளிச்சத்தில் கண்கள் தளும்பின.

அவளுடைய கணவர் தொப்பியைக் கழற்றினார். அவள் முழங்கையை மெல்லத் தட்டினார்.

"விடும்மா. அந்தத் தடவை நான் சரியாவே விழல."

திரையில் ஜூசாபுரோ வாளை உதறி, மெல்ல உறையில் போட்டார். கொட்டகை மொத்தமும் குராமோச்சியின் குரலுக்காகக் காத்திருந்தது.

அவர் ஜூசாபுரோவைப் பார்க்கவே இல்லை. இருக்கையின் நுனிக்கு வந்து, சேற்றில் கிடந்தவர்களுக்குள் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.