ஊமைப் பெட்டி

“கொன்னுட்டானுங்க!” என்று தொடையில் அடித்துக்கொண்டான் ஹந்தோக்கோ. “நல்லா இருந்தத அப்டேட்டுங்கற பேருல கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டானுங்க!”

டிவியில் இறகுப்பந்து அரங்கம் நிரம்பி வழிந்தது. கூட்டம் வாயைப் பிளந்து கத்தியது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. சாவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டி, ஹந்தோக்கோ தன் கையால் பாகம் பாகமாகக் கோத்து, லினக்ஸ் மென்பொருள் போட்ட கணினி. படமோ பாட்டோ ஆட்டமோ, அந்த வீட்டுக்குள் எதுவும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். கடையில் விற்கும் பெட்டிகளை அவன் ஏறெடுத்தும் பாரான். லினக்ஸ் தெரியாதவர்களை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டான்.

இறுதி ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் சத்தம் வந்தாக வேண்டும். இல்லையென்றால் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஒவ்வொரு அடியையும் விளக்கிச் சொல்வது யார்? மாமனார் கார்யாடி இளமையில் மாலாங் ஊருக்காகவே மட்டை பிடித்தவர் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை.

“இன்னைக்கும் வரலையாங்க?” சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி ரெத்னோ. சோயாக்கட்டியை வறுத்த டெம்பேயைச் சூட்டோடு மூடிபோட்ட டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “எவ்வளவு நேரமாகும்?”

“சொன்னா மட்டும் உனக்குப் புரிஞ்சிடுமாக்கும்!”

அவளுக்கு எதுவும் புரியாது என்பது அவன் முடிவு. ஒருநாள் அவள் ஆசையாகப் பக்கத்தில் வந்து ஏதோ ஒரு பொத்தானைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள். “அதத் தொட்டா சத்தம் செத்துரும். உன் மண்டைக்கு எட்டாது, போய் வேலையப் பாரு” என்று விரட்டிவிட்டான்.

மச்சினன் பாகஸ் குனிந்து டிவியின் பின்புறம் பார்த்தான். “வயரு லூசா இருக்கப்போவுது மச்சான். ஆட்டிப் பாக்கவா?”

“வயர ஆட்டுறதெல்லாம் விண்டோஸ்காரன் வைத்தியம். கைய எடு. ஒதுங்கி உக்காரு.”

“அவன விடுங்க மாப்ள” என்றார் கார்யாடி, சோபாவிலிருந்து எழுந்தபடி. “அவசரமே இல்ல. நிதானமா, நல்லா நோண்டிப் பாருங்க.”

வீட்டில் ஒருவருக்காவது தன் அருமை தெரிகிறதே என்று ஹந்தோக்கோவுக்கு உள்ளம் குளிர்ந்தது. விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, டிவியின் மூலையில் கட்டளைகள் அடிக்கும் ஜன்னலைத் திறந்தான். ஒலிக்கான டிரைவர் மென்பொருளைக் கழற்றி மாட்டினான், அமைப்புக் கோப்புகளைத் திருத்தினான், ஒலிச் சேவையை நிறுத்தி எழுப்பினான். பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில் போய், “மூளையை அடகு வைத்துவிட்டா நிரல் எழுதுகிறீர்கள்?” என்று ஒரு வசை எழுதினான். ‘மியூட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?’ என்று எவனோ ஒருவன் தன்மையாகக் கேட்டான். ஹந்தோக்கோவுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கேள்வியைப் புதியவர்களைப் பார்த்துக் காலங்காலமாகக் கேட்டு நக்கலடிப்பவனே இவன்தான். இவனிடமேயா?

வேறு வழியெல்லாம் தீர்ந்த பிறகு, யாரும் பார்க்காதபோது திருடுவதுபோல ஒலியளவுப் பக்கத்தைத் திறந்தான். டிவிக்குப் போகும் ஒலிக்குக் கீழே இரண்டு ‘எம்’ எழுத்துகள் நின்றன. மியூட்.

“எல்லாம் அப்டேட் பண்ண வேலை!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு எம் பொத்தானைத் தட்டினான். அரங்கத்தின் இரைச்சல் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஆட்டம் இரண்டாவது செட்டின் பாதியைத் தாண்டியிருந்தது.

“வந்துடுச்சு! எல்லாரும் வாங்க!” என்று வெற்றியோடு திரும்பினான். சோபா காலி. சமையலறை காலி. டெம்பே டப்பாவையும் காணோம்.

பக்கத்து வீட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. வெளியே போய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தான். தூத்திக் அக்காவின் பழைய டப்பா டிவிக்கு முன்னால் மூன்று பேரும் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். படம் மங்கல், நடுவில் கோடு வேறு. கார்யாடி டெம்பேயைக் கடித்தபடி, சின்னப் பிள்ளைபோலக் குதூகலித்துக்கொண்டிருந்தார்.

ஹந்தோக்கோவுக்கு இரக்கமே வந்துவிட்டது. பாவம், தன் பெட்டி படுத்துவிட்டதால் இந்தக் குப்பை டிவியின் காலில் போய் விழுந்திருக்கிறார்கள். கூப்பிட்டுக் கரையேற்றலாம் என்று தொண்டையைச் செருமப் போனான்.

அதற்குள் கார்யாடி காதைத் தீட்டிக்கொண்டார். முகம் வாடிவிட்டது. “நம்ம வீட்டுல சத்தம் கேக்குதே ரெத்னோ? மூணாவது செட்டு பாக்கி இருக்கே!”

ரெத்னோ அவர் கையில் இன்னொரு டெம்பேயை வைத்தாள். “இன்னைக்குச் சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டாருப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேற எந்தப் பட்டனத் தொடக்கூடாதுன்னு அவருகிட்டயே கேட்டு வெச்சுக்கறேன்.”