சட்டென்று திறக்கணும்

மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். டம்ளரிலிருந்த காப்பி சிந்தியது. கம்ப்யூட்டர் திரையில் வட்டம் இன்னமும் சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டில் அடிவாங்கும் பெண்கள் உதவி கேட்பதற்கான இணையதளம் அது. கணவன் கண்ணில் படாத கொஞ்ச நேரத்தில்தான் அவர்களால் அதைத் திறக்க முடியும். அது ஆடி அசைந்து திறப்பதற்குள் அவன் வந்து நின்றுவிடுகிறான் என்று, அதை நடத்தும் மேடம் போனில் புலம்பியிருந்தார். இன்றைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்தே இணையதள வேலை பார்ப்பவன் அவன். முகம் தெரியாத அந்தப் பெண்களுக்காகக் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. இப்படி ஒரு மனசு எத்தனை பேருக்கு வரும்?

முகப்பு முழுக்க மேடம் ரிப்பன் வெட்டும் படங்கள். உயிர் போகிற அவசரத்தில் வருகிறவளுக்கு ரிப்பன் எதற்கு என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் தூக்கினான். ஓடும் எழுத்துகளுக்கும் அதே கதி. உதவி கேட்கும் கட்டம் மட்டும் முதலில் வந்து நிற்கும்படி செய்தான்.

வீட்டிலேயே மட்டமான போன் மனைவியுடையதுதான். அதில் திறந்துவிட்டால் எதிலும் திறக்கும். கேட்டு வாங்கி முதல் எழுத்தைத் தட்டியதுமே முழு முகவரியும் தானாக வந்தது. எப்போதோ இதில் சோதித்துப் பார்த்திருக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணிமைப்பதற்குள் பக்கம் திறந்தது. "பாத்தியா?" என்று போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேடம் அழைத்தார். பல நாளாக முயன்றும் முடியாத ஒரு பெண்ணின் தகவல் வந்து சேர்ந்துவிட்டதாம். போலீஸ் வண்டியும் கிளம்பிவிட்டதாம். எந்தப் பெண், எந்தத் தெரு என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா? எவனோ ஒரு மிருகத்துக்கிட்டருந்து ஒருத்தியக் காப்பாத்திட்டேன்."

அவள் ஜன்னலோரமாகவே நின்றிருந்தாள். வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

அவன் எட்டிப் பார்த்தான். "நம்ம வீட்டுக்கு எதுக்குடி போலீஸ் வருது?"

அவள் கதவைத் திறந்துவிட்டுத்தான் பேசினாள்.

"நான்தாங்க வரச் சொன்னேன்."