தீவுக்காக ஒரு பயிற்சி

பொம்மையின் நெஞ்சு எழவில்லை.

மிரான் காற்றுப் பையை மறுபடி அமுக்கினாள். முகமூடியின் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்தது.

"அது பெரியவங்களோடது சிஸ்டர். சின்னப் புள்ள முகத்துல எப்படி ஒட்டும்?" என்றார் பயிற்சி கொடுத்த டாக்டர் ஹாஜின். அவளுக்கு மகனாக இருக்கும் வயது.

கைப்பழக்கத்தில் மிரான் பெரியதை எடுத்திருந்தாள். கீழே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்து, மூக்கின் மேட்டில் ஊன்றித் தாடையில் பொருத்தினாள்.

நெஞ்சு எழுந்தது.

போதும் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. அது எழுவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குப் பொம்மையை விட மனசில்லை என்று கூட நின்ற இளம் நர்சுகள் சிரித்தார்கள்.

மொக்போ துறைமுக நகரில் நடந்த அந்தக் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பயிற்சிக்கு அவள் கப்பலேறி வந்திருந்தாள். அவளுடைய தீவில் டாக்டர் கிடையாது. சுகாதார நிலையத்தைத் திறப்பதும் மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் அவள்தான்.

ஐம்பத்தைந்து வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்று பயந்துதான் வந்தாள். ஆனால் நரம்பு கிடைக்காத குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி ஏற்றுவதை முதல் தடவையிலேயே செய்தாள். தேர்வில் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது அவள் குரலுக்கு இளம் டாக்டர்களே ஓடினார்கள்.

முடிந்ததும் ஹாஜின் காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து நீட்டினார். இத்தனை வெறியோடு கற்றுக்கொண்டவரைத் தான் பார்த்ததில்லை என்றார்.

"உங்க தீவுப் புள்ளைங்க குடுத்து வச்சதுங்க, சிஸ்டர்."

மிரான் குனிந்து நன்றி சொன்னாள்.

தீவின் படகுத்துறையில் ஊர்த்தலைவர் கோ காத்திருந்தார். எண்பதை நெருங்கியவர். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

இந்தப் பயிற்சிக்காக மேலதிகாரிகளிடம் நடையாய் நடந்தவர் அவர்தான்.

போன குளிர்காலத்தில், ஹெலிகாப்டர் இறங்க முடியாத மூடுபனியில், ஐந்து வயது அரின் மூச்சுக்குத் தவித்தாள். நிலையத்தில் பெரியவர்களுக்கான முகமூடிதான் இருந்தது. மிரான் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு தூக்கி எறிந்துவிட்டு வாயை வைத்தே ஊதினாள். பனி விலகும் வரை ஊதினாள். அதற்கு வெகுநேரம் முன்பே குழந்தையின் உதடு சில்லிட்டுப்போயிருந்தது.

பயிற்சிக்கு அனுமதி கிடைப்பதற்குள் கோடை வந்துவிட்டது. அரினின் அம்மாவும் அப்பாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குவாங்ஜு நகரத்துக்கே போய்விட்டார்கள்.

இருவரும் மேட்டில் மெதுவாக ஏறினார்கள். எல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்டாயா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

"அப்ப இனிமே பயமில்லம்மா."

மிரான் தலையாட்டினாள்.

தீவில் இப்போது அவளைவிட இளையவர் யாரும் இல்லை.