முழங்கைத் தையல்

தலையில் அடிபட்டு வந்த பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. டியூட்டி டாக்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளுக்காகப் பாதியில் விட்டுவந்த பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். முழங்கை கிழிந்த ஆள் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஊசி போட்டாச்சுல்ல, வலி தெரியாது" என்றபடி தைக்க ஆரம்பித்தார்.

அவன் கையை இழுக்கவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. எல்லாரும் இப்படி இருந்தால் தேவலையே என்று நினைத்தபடி கடைசி முடிச்சைப் போட்டார்.

தட்டை எடுக்க வந்த நர்ஸ் தயங்கினாள். "டாக்டர், மரத்துப்போற மருந்து சிரிஞ்சுல அப்படியே இருக்கு."

டாக்டர் சிரிஞ்சை எடுத்துப் பார்த்தார். "ஏங்க, உயிர் போற வலியா இருந்திருக்குமே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவன் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரிங்க" என்றான். "வண்டிய நான்தான் ஓட்டினேன்."