பதினேழாம் எண்

"அறுநூத்திப் பத்து மார்க்க வச்சுக்கிட்டு டாக்டர் பட்டத்துக்கு வர்றாங்களாம். தூக்கி ஓரமா வைங்க சார்!"

புள்ளியியல் பேராசிரியர் பதினேழாம் எண் ஃபைலை மேசை விளிம்புக்குத் தள்ளினார்.

"அறுநூத்தி இருபது சார்" என்றார் மூலையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த துறை உதவியாளர், நோட்டிலிருந்து தலை நிமிராமலே.

"பத்து மார்க்குல என்னம்மா கோட்டையா பிடிக்கப் போறாங்க? நுழைவுத் தேர்வுல நம்ம கட்-ஆஃப் எண்ணூறுக்கு அறுநூத்தி அம்பது."

வணிக மேலாண்மைத் துறையின் கூட்ட அறை அது. மணி பதினொன்று நாற்பது. முனைவர் படிப்பில் மீதி இருந்தது ஒரே ஓர் இடம். பன்னிரண்டுக்குள் ஆளைச் சொல்லாவிட்டால் அதுவும் வேறு துறைக்குப் போய்விடும். துறைத் தலைவர் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பேராசிரியர் காலை ஆட்டிய ஆட்டத்தில் மேசையே ஆடியது. உதவியாளர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"ஏம்மா, அந்த டக் டக்க நிறுத்துங்களேன்" என்றார் தலைவர்.

விண்ணப்பித்தவர்கள் யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது. சிபாரிசு நுழைந்துவிடக் கூடாதென்று பெயரையும் வேலை பார்த்த இடத்தையும் பல்கலைக்கழக மேலிடமே மறைத்து, எண் மட்டும் போட்டு அனுப்பும்.

"ஒன்பதாம் எண்ணைப் பாருங்க. எழுநூத்தி அறுபது! கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார் புள்ளியியல் பேராசிரியர்.

"போன வருஷமும் கண்ண மூடிக்கிட்டுத்தானே எடுத்தோம்? எழுநூத்தி எழுபது! ஆறே மாசத்துல சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான்" என்றார் மார்க்கெட்டிங் பேராசிரியை. "இந்தப் பதினேழோட ஆய்வுத் திட்டத்தப் படிச்சீங்களா? நம்ம துறையில பதிமூணு வருஷமா சேர்ந்தவங்க மார்க்கெல்லாம் எடுத்து, யாரு முடிச்சாங்க, யாரு பாதியில போனாங்கன்னு பார்த்திருக்காங்க. மார்க்குக்கும் முடிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லையாம். முதல் வருஷம் வழிகாட்டிப் பேராசிரியர அடிக்கடி போய்ப் பார்த்தவங்கதான் முடிச்சிருக்காங்க."

"நம்ம விவரம் வெளியாளுக்கு எப்படிப் போச்சு?" பேராசிரியர் எகிறினார்.

"ஆண்டறிக்கையில கடைசிப் பக்கங்கள்ல வருது சார். நூலகத்துலயே இருக்கு. யாரும் புரட்டுறதில்ல" என்றார் உதவியாளர் அவசரமாக.

தலைவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். "பன்னிரண்டு வருஷம் ஆபீஸ் வேலை. தபால் வழியில மேல்படிப்பு. மூணு தடவ பரீட்சை எழுதி, ஐந்நூத்தி நாப்பதுலேருந்து ஏறி வந்திருக்காங்க. எந்த ஆபீசோ, கொடுத்து வச்சது. இப்படி ஒரு ஆளோட அருமை அங்க ஒருத்தருக்காவது தெரியுமோ என்னமோ... ஏம்மா, டீ கேட்டு அரை மணி ஆச்சே?"

உதவியாளர் எழுந்து பிளாஸ்கிலிருந்து மூன்று கோப்பைகளில் ஊற்றினார். பேராசிரியருக்குக் கொடுக்கும்போது பாதி டீ சாஸரில் கிடந்தது.

"இன்னிக்கு உங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

"எனக்குப் பதினேழு" என்றார் பேராசிரியை.

"எனக்கு ஒன்பது. என் பிணத்து மேலதான் பதினேழு உள்ள வரணும்!"

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. "சார், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். மார்க்க விடுங்க. இந்தப் பதினேழு போட்டிருக்கிற கணக்குல எங்கயாவது தப்பு இருக்கா?"

பேராசிரியர் ஃபைலைப் பிடுங்கினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், மறுபடி முதல் பக்கம். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

"இல்ல" என்றார் கடைசியில். "அதுதான் எரிச்சலா இருக்கு."

"அப்ப பதினேழு. எழுதிக்கோங்கம்மா."

உதவியாளர் எழுதினார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

தேர்வானவரிடம் போனில் சம்மதம் வாங்கிய பிறகுதான் மேலிடம் பெயரைச் சொல்லும். அது ஒட்டி அனுப்பிய உறைக்குள் போன் நம்பர்கள் மட்டும்தான் இருக்கும். தலைவர் அதைக் கிழித்து, பதினேழுக்கு எதிரே இருந்த நம்பரை மேசைப் போனில் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். இன்னும் நான்கே நிமிடம்.

"சீக்கிரம் எடுத்துத் தொலைங்களேன்!" என்றார், பதினேழுக்கு எதிராக மல்லுக்கு நின்ற பேராசிரியரே.

குறிப்பு நோட்டுக்குப் பக்கத்தில் இருந்த கைப்பைக்குள் போன் அடித்தது. உதவியாளர் அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"சம்மதம் சார்" என்ற குரல் மேசைப் போனிலும் மூலை நாற்காலியிலும் ஒரே நேரத்தில் கேட்டது.